டத்தோ பெயர் ஏறிய சர்வர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குப் பதினாறு வருடம் தலைவராக இருந்தவர் சிவசம்பு. பெயர் பொறிக்க இடம் கிடைத்தால் மனிதர் விடமாட்டார். சங்கத்துத் தண்ணீர் வடிகட்டியில்கூட ‘அன்பளிப்பு: சிவசம்பு’ என்று இருக்கும். வாங்கிக் கொடுத்தது என்னவோ அவர் மருமகன்.

போன வருடம் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் வந்தது. அதன்பிறகு கால் தரையில் பாவவில்லை.

நான் கமலநாதன். சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. சங்கத்து மெயில் ஓடும் லினக்ஸ் சர்வரைச் சும்மா பார்த்துக்கொடுக்கும் இளிச்சவாயன். ஒருநாள் திரையில் அந்தச் சர்வரின் பெயர் ‘மெயில்’ என்று இருப்பதை டத்தோ பார்த்துவிட்டார்.

“மெயிலா? இதெல்லாம் ஒரு பேரா? டத்தோ சிவசம்புன்னு வை தம்பி.”

“வைக்கலாம் அங்கிள். ஆனா டொமைன் பதிவுலயும், அதான் இன்டர்நெட்டுல இருக்கிற நம்ம விலாசப் பட்டியல்லயும், அதே பேரைச் சேர்க்கணும். வெளிய போற ஒவ்வொரு மெயிலும் இந்தப் பேரைச் சொல்லித்தான் கதவைத் தட்டும். பதிவுல பேரு இல்லன்னா வாங்குற பக்கத்துச் சர்வர் உள்ள விடாது.”

“அதையும் சேர்த்துடு லா.”

“அதோட பாஸ்வர்ட் மீனலோசனி ஆன்டிகிட்ட இருக்கு.”

அவர் முகம் கறுத்தது. செயலாளர் மீனலோசனிதான் அடுத்த மாதத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவர்.

“அவகிட்டப் போய் நான் கேக்கிறதா? நீ பேரை மாத்து, போதும்!”

எனக்குச் சுள்ளென்று வந்தது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று ஒரே வரியில் மாற்றிவிட்டேன். அவர் உடனே சங்கத்து முகவரியிலிருந்து தன் சங்கத்து முகவரிக்கே ஒரு மெயில் அனுப்பினார். வீட்டை விட்டு வெளியே போகாத கடிதம் வராமல் என்ன செய்யும்?

“பாத்தியா, வந்திருச்சு! சும்மா பயங்காட்டுறே.”

அந்தத் தெம்பில், தனக்கே ஓட்டுப் போடும்படி உறுப்பினர்கள் இருநூறு பேருக்கும் தேர்தல் அழைப்பு அனுப்பினார். மீனலோசனி ஆன்டி மெயிலை நம்பவில்லை. வீடு வீடாகப் போன் போட்டார்.

தேர்தலுக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஆன்டிக்கு இருபத்தாறு ஓட்டு, டத்தோவுக்கு ஐந்து.

எல்லோரும் போனபின் டத்தோ என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “இருநூறு பேருக்கு எழுதினேன் தம்பி. ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நன்றி கெட்ட பயலுங்க.”

அப்போதுதான் நான் மாற்றிவிட்ட பெயர் எனக்கு உறைத்தது. கோபத்தில் தேர்தலை நான் யோசிக்கவே இல்லை. சங்கத்து முகவரியைத் திறந்தேன். போன கடிதமெல்லாம் திரும்பி வந்து குவிந்து கிடந்தது. யாரும் பார்க்கவில்லை, உறுப்பினர்கள் எழுதுவதைப் படிக்கும் பழக்கம் பதினாறு வருடமாகத் தலைவருக்கு இருந்ததில்லை.

“என்னா போட்டிருக்கு? வாசி.”

வாசித்தேன். “டத்தோ சிவசம்பு என்று யாரையும் எங்களுக்குத் தெரியாது. கடிதத்தை ஏற்க முடியாது.”

நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அடுத்ததை வாசி” என்றார்.

அதிலும் அதேதான்.