பெடாஸில் ஒரு சீமைக் கத்தி

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், அளவுகோல், ஒரு டப்பி பல்குச்சி, குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெய் ஒரு குப்பி. மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் செய்த தப்பை நானே போய்த் திருத்த வேண்டும்.

என் தொழில் செயற்கைப் பல் செய்வது. பொழுதுபோக்கு, பழைய மடக்குக் கத்திகள். "நகை சேக்குற வயசுல கத்தி சேக்குது, நான் பாத்துப் பேசணும்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பதினைந்து வருடத்தில் நாற்பத்து மூன்று கத்திகள் சேர்ந்துவிட்டன. எது எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் காலத்தது, என்ன விலை போகும் என்று நான் சொன்னால் கத்தி சேர்ப்பவர்களின் வாட்சப் குழுவில் மறுபேச்சு இருக்காது. அந்தத் தலைக்கனம்தான் என்னைக் கவிழ்த்தது.

மூன்று வாரத்துக்கு முன் பெடாஸிலிருந்து வசந்தி என்பவர் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். தோட்டத்தில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டும் மடக்குக் கத்தி. ஒரு முனையில் அலகு, மறுமுனையில் பட்டையை நெம்பித் தூக்க வெள்ளையாய் ஓர் எலும்புத் துண்டு. மடக்குக் கத்தியைத் திறக்க, நகம் மாட்டி இழுக்க அலகில் ஒரு சின்னக் குழி இருக்கும். இடக்கையில் பிடித்து வலக்கை நகத்தால் இழுக்கத் தோதாக அது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். இந்தக் கத்தியில் அது எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அலகின் அடியில் முத்திரையும் தெரியவில்லை. பத்தே நிமிடத்தில் பதில் போட்டேன்: "பார்த்துச் செய்யத் தெரியாத ஏதோ பட்டறையின் போலி. அறுபது, எழுபது வெள்ளி தேறினால் அதிகம்."

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கும் அதேதான். வியாழக்கிழமை வசந்தி போன் செய்தார். அவருடைய அப்பா கருப்பையாவுக்கு எண்பத்து நான்கு வயது. அந்தக் கத்தியைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தனக்கென்றே சீமையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார் என்று காலமெல்லாம் சொல்லி வந்தவர். பேத்தியின் நிச்சயத்தில், சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், மகன் சந்திரன் என் பதிலை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"அன்னைக்கிலேர்ந்து அப்பா யாருகிட்டயும் பேசுறதில்லக்கா. சோறும் சரியா எடுக்க மாட்டேங்குறாரு. சி ரூசாவுல பழைய சாமான் கட வச்சிருக்குற தௌகே எழுபது வெள்ளி தரேன்னாராம். சனிக்கிழம சாயந்தரம் அண்ணன் கொண்டு போய்க் குடுக்கப் போவுது."

போனை வைத்துவிட்டு அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். எலும்பு முனை ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. வருடக்கணக்கில் வேலை செய்யாமல் அப்படித் தேயாது. போலிக் கத்தியை வைத்து யார் அவ்வளவு வேலை செய்வார்கள்? ஒரு பெரியவரின் வாக்கை, அவரைப் பார்க்காமலே, அறுபது எழுபது வெள்ளிக்கு மதிப்புப் போட்டிருந்தேன்.

கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறி, சிரம்பான் வந்து சேர ஒன்பது இருபது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தோசையும் தேத்தண்ணியும், ஆறு வெள்ளி. அங்கிருந்து பெடாஸ் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வாடகைக் காடிக்கு முப்பத்தைந்து வெள்ளி. ஓட்டியவர் அந்தோணி, போர்டிக்சன்காரர், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது.

"சொந்தக்காரங்க வூடா?"

"இல்லண்ணே, ஒரு கத்தி பாக்கப் போறேன்."

காடி சற்று மெதுவானது. "கத்தியா?"

"பழைய கத்தி. எந்தக் காலத்துச் சாமான்னு பாத்துச் சொல்லணும்."

"அப்படிச் சொல்லுங்க லா! பின்னால ஒக்காந்துக்கிட்டு கத்திங்கிறீங்க, எனக்குப் பக்குனு ஆயிருச்சி." அதற்குப் பிறகு பெடாஸ் வரை அவர் வாய் ஓயவில்லை. வழிநெடுக எண்ணெய்ப் பனை. இடையிடையே ரப்பர் பால்மரங்கள் ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று மிச்சமிருந்தன. கொம்பு போல் இருபுறமும் நிமிர்ந்த கூரை வைத்த மலாய் வீடுகள் ரெம்பாவ் மாவட்டத்துக்குள் வந்துவிட்டதைக் காட்டின. வெந்நீர் ஊற்றுக்கு வழி காட்டும் பலகையைத் தாண்டி இடப்புறம் திரும்பினோம்.

மணி பத்தேகால். வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஒரு ரம்புத்தான் மரம், அதன் காலடியில் தொட்டியில் விரல் பருமனுக்கு ஒரு ரம்புத்தான் கன்று. வசந்திக்கு ஐம்பது வயதிருக்கும், செனவாங்கில் தொழிற்சாலை வேலை. "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா? தண்ணி கலக்குறேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கருப்பையா மூலை நாற்காலியில் ஒல்லியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், திரும்ப ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். பதில் போட்டவள் நான்தான் என்று தெரிந்திருக்கிறது.

சந்திரன் கத்தியோடு வந்தார். மறுகையில் பித்தளைச் சாமான் துலக்கும் மருந்தும் துணியும். "நல்லவேள வந்தீங்க. பளபளன்னு தொடச்சிட்டா இன்னும் இருவது வெள்ளி கூடக் கேக்கலாம்ல?"

"ஐயோ, கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வசந்தி தேத்தண்ணியோடு ஓடி வந்தார். பழைய இரும்பில் காலம் ஏற்றிய நீலச் சாம்பல் நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. அதைத் துலக்கினால் பாதி விலை போய்விடும். பாதிக் கத்திகள் இப்படித்தான் அன்பாலேயே கெடுகின்றன.

மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கத்தியை வைத்தேன். மடக்கிய நீளம் பத்து சென்டிமீட்டர். கைப்பிடி பிளாஸ்டிக் இல்லை, மாட்டுக் கொம்பு, பூதக்கண்ணாடியில் நார் ஓடுவது தெரிந்தது. ஆணிகள் கையால் தட்டி மழுக்கியவை. திறந்தபோது வில் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லிற்று. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க என் காது சூடேறியது. போலி என்று எழுதிய விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது.

அலகின் அடியில்தான் விஷயம். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாய்க் கட்டி தட்டியிருந்தது. படத்தில் துரு என்று நினைத்தேன், அது சந்தனம். வருடா வருடம் ஆயுத பூசைக்குக் கத்தியைத் திறந்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அப்படியே மடக்கி வைத்திருக்கிறார்கள். சாமிக்கு வைத்ததை யாரும் வழிக்கவில்லை. அறுபது வருடப் பூசை அங்கே ஏடு ஏடாகப் படிந்திருந்தது.

"ஐயா, இத கொஞ்சம் எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டேன். கருப்பையா ஒரு கணம் யோசித்துத் தலையசைத்தார்.

எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பல்குச்சியால் நீக்க நாற்பது நிமிடம் ஆனது. பல்லிடுக்கில் வேலை செய்து பழகிய கைக்கு இது பெரிதில்லை. முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது, பிறகு ஓர் இங்கிலாந்துப் பட்டறையின் பெயர், அதன் கீழே கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு. சந்தனம் மூடியிருந்ததால் எழுத்துகள் நேற்று அடித்தவை போலிருந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இது அசல் சீமைக் கத்தி. இந்தப் பட்டறைய மூடியே ரொம்ப காலம் ஆச்சு. ஐயா சொல்ற காலத்துக்குச் சரியா பொருந்துது."

அந்தப் பட்டறையின் பழைய விலைப்பட்டியலைப் படமெடுத்து போனில் வைத்திருக்கிறேன். தேடினேன். ஒட்டுக் கத்திப் பக்கத்தின் அடியில், நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருந்த ஒரு வரி: இடக்கைக்காரர்களுக்குத் தனியாகச் சொன்னால் செய்து அனுப்பப்படும். நகக்குழி எதிர்ப்பக்கத்தில் இருந்தது தப்பே இல்லை. அலகின் சரிவும் இடக்கைக்கென்றே தீட்டப்பட்டது. ஒருவருக்காக, சொல்லிச் செய்த கத்தி.

"ஐயா பீச்சாங்கைக்காரரா?" என்று கேட்டேன்.

வசந்தியின் முகம் சுண்டியது. "இல்லக்கா. அப்பா சாப்புடுறது, குடுக்குறது, வாங்குறது எல்லாம் சோத்தாங்கைதான். நாங்க பீச்சாங்கைய நீட்டினாலே அதட்டுவாரு."

சந்திரன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்ப இது வேற எவனோ பீச்சாங்கைக்காரன் கத்தி. இத்தன நாளு பொய்னு நெனச்சோம். இப்ப பாத்தா எங்கேயோ எடுத்துக்கிட்டு வந்த சாமானு."

பொய்யர் என்ற பேரைத் துடைக்க வந்து, திருடர் என்ற பேரை வாங்கிக் கொடுத்துவிட்டேனே! பெரியவரைப் பார்த்தேன்.

கருப்பையா எழுந்தார். மேசையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் காலிசெய்து கவிழ்த்து, அதன் அடிவிளிம்பில் அலகைத் தீட்டினார். சேகரிப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் அறைவது போல. ஒவ்வோர் இழுப்புக்கும் விலை இறங்கும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் தீட்டிய கை இடக்கை.

வாசலுக்குப் போய் ரம்புத்தான் கன்றுக்கு முன் குந்தினார். நாங்கள் பின்னாலேயே போனோம். பெரிய மரத்திலிருந்து ஒரு கிளையை அறுத்து, துளிர்க்கும் கண்ணொன்றைப் பட்டையோடு செதுக்கி எடுத்தார். கன்றின் பட்டையில் கட்டம் கீறினார். கத்தியை விரலிடையில் புரட்டி எலும்பு முனையால் பட்டையைத் தூக்கி, கண்ணை உள்ளே செருகி, வசந்தி கொடுத்த பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கீழிருந்து மேலாகச் சுற்றி முடிந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வலக்கை கன்றைப் பிடித்துக்கொண்டதோடு சரி, மற்றதெல்லாம் இடக்கை.

இத்தனை நாள் வாய் திறக்காதவர் பேசினார். "எல்லா ஒட்டுக்காரனுக்கும் ஆபீஸ்ல சோத்தாங்கைக் கத்தி. எனக்கு அது தோதுப்படல. அப்படியும் நான் கட்டுனதுதான் நெறய துளுக்கும். தொரை ஒருநாளு பின்னாலயே நின்னு பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. நாலு மாசம் கழிச்சு, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல, கங்காணி, ஆபீஸ் கிராணி எல்லாரும் நிக்கையில, இத என் கையில குடுத்தாரு."

"ஏம்ப்பா இத்தன வருசமா சொல்லல?" என்றார் வசந்தி.

"பொண்ணு கேக்கப் போனப்ப ஆத்தா சொல்லிச்சி. பீச்சாங்கைக்காரன்னு தெரிஞ்சா எவனும் பொண்ணு குடுக்க மாட்டான், மறச்சுக்கன்னு. கல்யாணம் கட்டி வேற தோட்டத்துக்கு, ரப்பர் காயவைக்கிற பொகவூட்டு வேலைக்கு வந்துட்டேன். அப்படியே மறச்சாச்சு. ஒங்க அம்மாவுக்கே தெரியாது."

சந்திரன் குனிந்து அப்பா போட்ட முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து சி ரூசாவுக்குப் பேசினார். "தௌகே, கத்தி விக்கிறதுக்கில்ல. எங்கப்பா சாமான் அது." அடுத்து சம்பந்திக்குப் போன் போட்டார். அப்பா சொன்னது அத்தனையும் நிஜம், கத்தி பார்க்கிற அம்மா கிள்ளானிலிருந்து வந்து சொல்லியாயிற்று என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கடைசியாக அப்பாவிடம் வந்தார். "தப்பா பேசிட்டேன்பா." கருப்பையா "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார்.

வசந்தி கோழி சமைத்தார். பெரியவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், வலக்கையால்தான். எனக்கு அன்று உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரி நான்தான் என்ற மிதப்பு. செய்த தப்பைத் திருத்திக்கொண்டதில் இவ்வளவு பெருமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டரை மணிக்கு மதிப்பீட்டுத் தாளை எழுதினேன். கத்தியின் அளவு, ஊர், காலம், கைக்கு வந்த விதம். சாதாரண ஷெஃபீல்டு ஒட்டுக் கத்தி முந்நூறு வெள்ளிக்குப் போகும். இடக்கைக்கென்று சொல்லிச் செய்தது, யாருக்காக என்ற கதையோடு இருப்பது, ஆயிரத்துக்குக் குறையாது என்று போட்டேன். அடியில் உரிமையாளர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. வசந்தி எழுந்து அலமாரியிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வந்தார். "அப்பாவுக்குக் கைநாட்டுத்தான்கா. பேங்க்லயும் அப்படித்தான்."

கருப்பையா மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார். என் பேனாவை இடக்கையில் வாங்கித் தாளைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார். கருப்பையா த/பெ மாரிமுத்து என்று முத்து முத்தாக எழுதி, கீழே தேதியும் போட்டார்.

"அப்பா, ஒனக்கு எழுதத் தெரியுமா?" என்றார் சந்திரன்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும் படிச்சேன். வாத்தியாரு இந்தக் கையிலதான் அடிப்பாரு. சோத்தாங்கைக்கு எழுத வரல, அதான் பெருவெரலே போதும்னு வுட்டுட்டேன்."

வசந்தி மைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். சந்திரன் தாளைக் கேட்டு வாங்கி, போனில் ஒரு படம் எடுத்தார். சரியாக வரவில்லை போலிருக்கிறது, இன்னொன்று எடுத்தார்.

நாலு மணிக்கு அந்தோணி காடியோடு வந்தார். கிளம்பும்போது கருப்பையாவைக் கும்பிட்டுவிட்டு, என்ன தோன்றியதோ, என் இடக்கையை நீட்டினேன். அவர் ஒரு கணம் வீட்டாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இடக்கையால் என் கையை இறுகப் பற்றிக் குலுக்கினார்.