கூடி மூச்சுவிட்ட குற்றம்

போன வாரம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, எழுபத்தைந்தைத் தாண்டிய உடம்புக்கு அவ்வப்போது வருகிற காய்ச்சல்தான். ஒரு கையில் ட்ரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் போன். துபாயிலிருந்து வந்திருந்தபோது பேத்தி அதில் ஒரு சொல் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "தாத்தாவுக்குப் பொழுது போகட்டும்" என்றாள். பொழுது போகாமல் என்ன செய்யும், நாம் கூடவே போகிறோமா என்பதுதான் கேள்வி. அந்த விளையாட்டில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு வரும், அதற்கான சொல்லைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். அன்றைய குறிப்பு, ரகசியமாகக் கூடிச் செய்யும் சூழ்ச்சி. பத்துக் கட்டங்கள்.

முதலில் ‘இன்ட்ரீக்’ போட்டேன், கட்டம் மிச்சமாயிற்று. ‘மெஷினேஷன்’ போட்டேன், கட்டம் போதவில்லை. முன்னது சிக்கலில் மாட்டிவைப்பது என்ற பொருளில் பிறந்த சொல். பின்னது நம் மெஷினுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இந்த வம்சாவளியெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் எனக்கு டிக்‌ஷனரியை விட்டால் பேச்சுத்துணை கிடையாது. அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் தானாக நகர்ந்து ‘கான்ஸ்பிரசி’ என்று அடித்துவிட்டது. பத்துக் கட்டமும் பச்சையாக மாறியது. ஆஸ்பத்திரி டெட்டால் வாடைக்கு நடுவே, மழையில் ஊறிய தென்னங்கீற்றின் வாடை எனக்கு அடித்தது.

பாபநாசத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்த நாட்கள் அவை. எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அண்ணன்மார் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார்கள், எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வந்ததால் பாபநாசத்துக்குப் பஸ் ஏறினேன். ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு அறை. அவித்த நெல்லின் வாடையில் எழுந்து, அதே வாடையில் தூங்குவேன். தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆபீஸில் பேசுகிற பாஷையும் மனிதரோடு பேசுகிற பாஷை இல்லை. வாய்தா, ஜப்தி, பந்தோபஸ்து என்று எந்த நவாபு காலத்திலோ வந்து திரும்பிப் போக மறந்த சொற்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால், திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரே மனிதன் தங்கையன். எங்கள் ஆபீஸ் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து கற்றுக்கொண்டு போவான். அவன் தெருவில் எல்லோரும் பண்ணை வேலைக்குப் போகிறவர்கள், எஸ்எஸ்எல்சி தாண்டிய முதல் ஆள் அவன்தான். அரசு பஸ் கண்டக்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான், இன்டர்வியூ முடிந்து ஆர்டருக்காகக் காத்திருந்தான். கீழே இறங்கும்போது, "என்ன பாய், இன்னும் தட்டி முடியலையா?" என்று என் மேஜை ஓரம் நிற்பான். அந்த ஒரு வரிக்காக நான் மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன். இதை அவனிடம் சொன்னதில்லை, கேலி செய்வான்.

ஒரு ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆபீஸுக்கு வராததைப் பார்த்துச் சாயங்காலம் தேடி வந்தவன், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளைப் பூட்டிவிட்டான். விடிந்து எழுந்தபோது ஸ்டவ்வில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. "உப்பு போடலாமா பாய், ஒத்துக்குமா?" என்று கேட்டான். அதற்கு முன் அந்த அறையில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவன் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அதே காலையில்தான் அவன் தெருவில் கூரை தூக்கினார்கள்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பட்டா கொடுக்க அதிகாரிகள் ஊர் ஊராக அளந்துகொண்டு வந்தார்கள். குடிசையே இல்லாவிட்டால் எதை அளப்பார்கள்? அந்த ஊர்ப் பண்ணையார், அஞ்சலை என்ற விதவையின் குடிசைக் கூரையைக் கழற்றி வாய்க்கால் கரையில் போடச் செய்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் தெரு ஆட்கள் அதைத் தூக்கிவந்து பழைய சுவர்மேலேயே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் கூரையைத் தரையில் வைத்துத்தான் கட்டுவார்கள். மூங்கிலும் கீற்றுமாகக் கட்டி முடித்ததும் சுற்றி நின்று ஒரே மூச்சில் தூக்கிச் சுவர்மேல் வைப்பார்கள். அதற்கு ஆள் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வாசலில் ஒரு பானை நீர்மோர் வைத்தால் போதும், பார்த்தவர்கள் தோள் கொடுக்க வந்துவிடுவார்கள். அஞ்சலையும் மோர்ப்பானையைத்தான் வைத்தாள்.

பண்ணையார் புகார் கொடுத்தார். ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டு, அத்துமீறி நுழைந்தார்கள் என்று வழக்கு. போலீஸ் தெருவுக்கு வந்து, "யார் யார் இருந்தது?" என்று கேட்டது. இந்த இடத்தில்தான் அந்தத் தெருவுக்கே உரிய தவறு ஒன்று நடந்தது. அங்கே ஒருவர் வீட்டுக் கூரை ஏறும்போது நான் வரவில்லை என்று சொல்வதைப் போல மானக்கேடு வேறில்லை. ஆகவே எல்லோரும் "நானும் இருந்தேங்க" என்றார்கள். இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர் உள்ளேயிருந்து, "என் பேரையும் எழுதிக்கங்க" என்று குரல் கொடுத்தாராம். திருவிடைமருதூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் கொடுத்தான். எழுதிய ஏட்டுக்கு இவ்வளவு சுலபமான விசாரணை வாழ்க்கையிலேயே வாய்த்திருக்காது.

தங்கையனும் என் அறையிலிருந்து வீடு திரும்பியதும், நானும் இருந்தேன் என்று சொல்லிவிட்டான்.

வழக்கு எங்கள் வக்கீலிடம், தெரு ஆட்கள் பக்கமாக வந்தது. நாளெல்லாம் ‘கான்ஸ்பிரசி’ என்ற அந்தச் சொல்லைத் தட்டினேன். தட்டித் தட்டி அலுத்து, அலமாரியிலிருந்த தடிமனான டிக்‌ஷனரியைப் புரட்டினேன். லத்தீனிலிருந்து வந்ததாம். ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சு விடுவது. கூடி மூச்சுவிடுதல். நெருங்கி உட்கார்ந்து கிசுகிசுப்பவர்களின் மூச்சு ஒன்றாகிறது என்பதாலோ, எண்ணம் ஒன்றானவர்களுக்கு மூச்சும் ஒன்று என்பதாலோ அப்படி ஆனதாம். ஆதியில் அதற்கு நல்ல பொருளும் இருந்திருக்கிறது, ஒத்துப்போவது, இசைந்து நிற்பது என்று. அப்புறம் சட்டப் புத்தகத்தையும் பார்த்தேன். இந்தக் குற்றத்துக்கு இரண்டு பேராவது வேண்டும், தனி ஆளால் செய்ய முடியாது. சிரித்துக்கொண்டேன். பாபநாசத்தில் நான் ஒருவன்தான் இந்தக் குற்றத்தில் சிக்க வழியே இல்லாதவன்.

தங்கையனிடம் அர்த்தத்தைச் சொன்னேன். "சரியாத்தான் எழுதியிருக்கான் பாய்," என்றான். "கூரை தூக்கறப்ப எல்லாரும் சேந்து மூச்ச இழுத்துப் புடிப்போம். ஒருத்தன் முன்னாடி விட்டாலும் ஒரு பக்கம் சாஞ்சிடும்."

அந்த வாரமே கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்தது. சேருவதற்கு முன் போலீஸில் நற்சான்று வாங்க வேண்டும். வழக்கில் பெயர் இருக்கிறவனுக்கு அதை யார் தருவார்கள்? நான் குதித்தேன். அன்று காலை அவன் என் அறையில் இருந்தான், மில்காரர் பார்த்திருக்கிறார், நானே கூண்டில் ஏறிச் சொல்கிறேன், பெயர் நீங்கிவிடும் என்றேன். வக்கீலும் ஆமாம் என்றார். தங்கையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வெளியே வந்ததும் சைக்கிளைப் பிடித்தபடி சொன்னான்.

"அன்னைக்கு நான் அங்க இல்லைங்கிறதே எனக்கு வெட்கமா இருக்கு பாய். அதப் போயி சாட்சி வச்சு நிரூபிக்கச் சொல்றீங்களா?"

"உங்க வேலை போயிடும் தங்கையன். காய்ச்சல் எனக்கு வந்துச்சு, அதுக்கு நீங்க ஏன்..."

"வேலை போனா வயக்காடு இருக்கு. நாளைக்கு எங்க வீட்டுக் கூரைய யாரு தூக்குவா? நீங்க ஒருத்தரே தூக்கிடுவீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்குள்ளே பொறாமை இருந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு வேலையைத் தூக்கி எறியும் அளவுக்கு எனக்கு ஒரு தெரு இல்லையே என்ற பொறாமை.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனது. அஞ்சலைக்குப் பட்டா கிடைத்தது. அதற்கப்புறம் பண்ணையாருக்கும் அலுத்துவிட்டது, சமாதானமாகப் போனார்கள். பஸ்ஸில் விசில் ஊத வேறு யாரோ வந்துவிட்டார்கள். தங்கையன் வயலுக்கே போனான். நான் மெட்ராஸில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட வந்தவன் ஜன்னல் வழியாக, "தனியாப் போறீங்க பாய், காய்ச்சல் கீச்சல் வந்தா ஒரு கார்டு போடுங்க" என்றான். நாலைந்து கார்டுகள் போட்டேன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், வாழ்க்கை. காய்ச்சல் வந்தபோதெல்லாம் மனைவி இருந்தாள். இப்போது அவளும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், ஆட்டோ பிடித்து அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு கீற்றுகூட இல்லை. எல்லாம் கான்கிரீட் வீடுகள், பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்பு கேட். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மழைக்கு ஒழுகாத கூரைக்காகத்தானே அவ்வளவு பாடும். ஆனால் யாரும் தூக்க வேண்டியிராத கூரை அது. மத்தியான வேளை, தெருவில் ஆளே இல்லை. ஒரு கேட்டைத் தட்டித் தங்கையன் பெயரைச் சொன்னேன்.

"அவரா? போய்ச் சேந்து மூணு மாசம் ஆவுதுங்களே," என்றார் ஒரு அம்மா. "நீங்க யாருங்க?"

தோள் கொடுத்தது யார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஆம்பளைங்க எல்லாம் திருப்பூர்லயும் வெளிநாட்டுலயும் கெடக்குறாங்க. கும்பகோணத்துலேர்ந்து சொர்க்க ரதம் வண்டி வந்துச்சு. அதுலயே வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அந்தத் தெருவில், தங்கையனுக்கு, வண்டி. ஆட்டோவில் திரும்பி வரும்போது வாய்விட்டு அழுதேன். டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

பச்சைக் கட்டங்களைப் பார்த்தபடி இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, அட்டையும் பேனாவுமாக நர்ஸ் பெண் வந்தாள்.

"தாத்தா, கூட யாரு இருக்காங்க? அட்டெண்டர் பேரு எழுதணும்."

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். மகன் துபாயில், மகள் கனடாவில், பக்கத்து ஃப்ளாட்காரர் பெயர் எனக்குச் சரியாகத் தெரியாது.

"தங்கையன்னு எழுதிக்கம்மா," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். "எங்க, காணோம்?"

"கஞ்சி வாங்கப் போயிருக்காரு," என்றேன்.