காலண்டருக்கு ஏழைகள் தேவை

போன வாரம் மருந்துக்கடையில் என் மகள் வெயிலுக்குப் பூசும் க்ரீம் ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். தேங்காயும் மருந்தும் கலந்த வாசனை. "நல்லாருக்கில்லம்மா?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வாசனையை ஒரு கோடை முழுக்க முகர்ந்திருக்கிறேன். அதைப் பூசிக்கொண்டு வந்தவர்கள் மேல் இன்றுவரை எனக்கு மரியாதை வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு உத்திரமேரூரில் வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் சபையில் எல்லா ஆண்களும் பிரதர்தான் என்றாலும், வெறுமனே பிரதர் என்றால் ஒருவரைத்தான் குறிக்கும். வெள்ளைச் சட்டை, இடுப்பில் பேஜர். எங்கள் ஊரில் அது வேலை செய்யாது என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஏரிக்கரை இருளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்த வெளிநாட்டு இளைஞர்கள் வருகிறார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும், சம்பளமில்லாத ஊழியம் என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். ஊழிய வாஞ்சை ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷ் பேசினேன் என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்ள ஆசை. அவர்கள் பேசியதில் பாதிதான் புரிந்தது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

வந்தவர்கள் மூட்டை மூட்டையாகப் பஞ்சு கொண்டுவந்திருந்தார்கள். எதற்கென்று நினைக்கிறீர்கள்? பனிமனிதன் செய்ய. மே மாதம், தகரக் கொட்டகை, பிள்ளைகளின் விரலெல்லாம் பசை. தொப்பை வைத்த இரண்டு வெள்ளை உருண்டைகளைப் பார்த்துவிட்டு வள்ளி என்ற சிறுமி, "யக்கா, இது புள்ளையாரா?" என்று கேட்டாள். குழுத் தலைவர் அவள் என்ன சொல்கிறாள் என்று ஆவலாக என்னைப் பார்த்தார். மிகவும் அழகாக இருக்கிறதாம் என்றேன். அவர் கண்கலங்கினார். எதற்கெடுத்தாலும் கலங்கும் கண்கள் அவர்களுக்கு. மத்தியானச் சோற்றில் பல்லி விழுந்து, அண்டாவோடு கொட்ட வேண்டியிருந்த அன்று மட்டும் ஒருவரும் கலங்கவில்லை. பிள்ளைகள் பசியோடு போனார்கள். குழு பிஸ்கட் தின்றது.

முகாம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அவர்கள் ஊரில் நன்கொடை கொடுப்பவர்களுக்கு அனுப்பும் காலண்டருக்காக எல்லாரையும் படம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை குடியிருப்பே மாறி வந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலைகள், பவுடர் முகங்கள். வள்ளியை அவள் அம்மா கன்னியம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கரும்பு வெட்டப் போகும் பெண். அன்று வேலைக்குப் போகவில்லை. வள்ளி பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். கடைவீதியில் பாய் கடையில் எடுத்தது, இன்னும் துணியில் கஞ்சி மொடமொடப்பு போகவில்லை.

அவர்களைப் பார்த்ததும் பிரதருக்கு முகம் சுண்டியது.

"இன்னா சிஸ்டர் இது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி? படம் நாளைக்கு எடுத்துக்கலாம். டெய்லி எப்டி கீறாங்களோ அப்டியே வரச்சொல்லுங்க. காலண்டர்ல போட்டா அங்க பாக்கறவங்களுக்கு ஏழைன்னு தெரியணுமில்ல."

அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கன்னியம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"தெனம் சேத்துலதான் சார் கெடக்குறோம். அப்பல்லாம் யாரும் பாக்க வரல. இன்னிக்கு ஒரு நாளு குளிப்பாட்டி இட்டாந்தேன். எம்பொண்ணு அழுக்கா இருந்தாத்தான் உங்க சாமி பாக்குமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. தலைவர் புன்னகையோடு என் பக்கம் குனிந்தார். பிரதர் என் காதில், "தேங்க்ஸ் சொல்றாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

நான் அப்படியே சொன்னேன், அவள் சொன்னதை. பிரதர் சொன்னதையும் சேர்த்து. என் வாழ்க்கையில் நான் தடுமாறாமல் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

குழுவில் ஒரு பெண் விம்ம ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு தோளில் கை வைத்து ஜெபித்தார்கள். கன்னியம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்கு இன்னா?" என்றாள். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் நடந்தாள். மற்ற அம்மாக்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போனார்கள்.

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. என்னையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் வீடு கொட்டகைக்கு எதிரில். மொட்டைமாடியிலிருந்து எல்லாம் தெரிந்தது. சபைக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, பனியனைக் கிழித்து, கன்னத்தில் ஏரிச்சேறு பூசினார்கள். முன்வரிசையில் பிரதரின் சொந்த மகன். கான்வென்ட்டில் படிப்பவன், நெய்யும் பருப்புமாக வளர்ந்த உடம்பு. "சிரிக்காதடா, சிரிக்காதடா" என்று அப்பா கத்திக்கொண்டே இருந்தார். டிசம்பரில் காலண்டர் வந்தது. உங்கள் அன்பினால் இன்று இவன் பசியாறினான் என்று கீழே இங்கிலீஷில் போட்டிருந்தது. அவன் யார் பிள்ளை என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். பல வீடுகளில் அதை மாட்டிக்கூட வைத்தார்கள்.

சில வருடங்களில் வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றது. கொட்டகை நிலத்தைப் பிரதர் மனை போட்டு விற்றார், நகருக்கு வேதாகமத்திலிருந்தே பெயர் எடுத்து. சுற்றுச்சுவர் எழும்பியதில் குடியிருப்புக்குப் போகும் பாதை அடைபட்டது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது.

சமீபத்தில் ஊருக்குப் போனபோது பாய் கடையில் விசாரித்தேன். "செங்கல் சூளைக்குப் போனாங்கம்மா. அங்கேந்து எங்க போனாங்களோ, யாருக்குத் தெரியும்?" என்றார். சுற்று வழியில் நடந்து போய்ப் பார்த்தேன். குடிசைகள் இருந்த இடத்தில் ஒரு பெரிய இரும்பு கேட் இருந்தது. உள்ளே நாய் குரைத்தது. வள்ளிக்கு இப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். எதிரே வந்தால்கூட எனக்கு அடையாளம் தெரியாது.