ஜன்னலில் காகிதப் பேய்

வெர்னா இருபத்தொன்பது வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்றவள். ஈரச் சிமெண்டுத் தரையின் குளிர் பாதங்களில் தங்கிவிட்டது. ஜூலையில்கூட இரவு போர்வைக்குள் கால் சில்லென்றிருக்கும். ஓய்வு பெற்ற வருடம் ஒஹையோவின் ஒரு சிற்றூரில், வால்நட் தெருவின் கோடி வீட்டை வாங்கினாள். அதைத் தாண்டினால் அறுத்த சோளக்கொல்லை.

அக்டோபர் பாதி கடந்ததும் அவள் தினமும் தெருவை ஒருமுறை நடந்து பார்ப்பாள். மேப்பிள் மரங்கள் உச்சியிலிருந்து சிவந்து இறங்கும். உதிர்ந்த இலை கணுக்கால்வரை கிடக்கும். மழை பெய்து வெயில் அடித்தால் அதிலிருந்து தேயிலை வாசனை வரும். மாதக் கடைசியில் வரும் பேய்ப் பண்டிகைக்காகப் படிகளில் பூசணிக்காய்கள், சாமந்தித் தொட்டிகள். தூண்களில் சோளத்தட்டைக் கட்டுகள். ஒரு வீட்டுக் கூரையில் எலும்புக்கூடு தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் பல்செட் வைத்த ஓநாய் ஊஞ்சலாடியது. வெர்னா ஒவ்வொன்றாக நின்று ரசிப்பாள். பிறகு அவளுடைய கண் அந்தந்த வீட்டின் ஜன்னலுக்குப் போகும். அங்கே வெள்ளைக் காகிதப் பேய் ஒட்டியிருந்தால் ரசித்தது அவ்வளவும் புளித்துவிடும்.

மாதத் தொடக்கத்தில் யாராவது ஒருவர் பேய்க்கூடையைத் தொடங்கிவைப்பார்கள். மிட்டாயும் சின்னப் பரிசும் நிரப்பி, ஒரு காகிதப் பேயையும் போட்டு, பக்கத்து வீட்டு வாசலில் வைத்து மணியடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். கிடைத்தவர் பேயை ஜன்னலில் ஒட்டுவார். எங்களுக்கு வந்துவிட்டது, வேறு வீடு பாருங்கள் என்று அர்த்தம். அவர் இரண்டு கூடை தயாரித்து வேறு இரண்டு வீடுகளில் வைப்பார். கொடுத்தவர் பேரைச் சொல்லக் கூடாது.

ஆறு அக்டோபர்களாகக் கூடை கோடி வீட்டுக்கு வந்து சேரவில்லை. இந்த வருடம் இருபத்திரண்டாம் தேதிக்குள் தெருவில் பேய் இல்லாத ஜன்னல் இரண்டுதான். ஒன்று விற்பனைப் பலகை நட்டிருந்த காலி வீடு.

மறுநாள் மத்தியானம் வெர்னா ஒரு சட்டைப் பெட்டியின் வெள்ளை மூடியை எடுத்து, கத்தரிக்கோலால் தானே ஒரு பேயை வெட்டினாள். எதிர்ச்சாரியில் ட்ரூடி வீட்டு ஜன்னலில் அதைப் பல தடவை பார்த்திருந்ததால் வளைவு பிசகவில்லை. வாய்தான் சற்றுக் கோணியது. கூடத்து ஜன்னலில் ஒட்டிவிட்டு, தெருவுக்குப் போய் நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் அவள் நடந்த நடையே வேறு. ட்ரூடி வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, கோடி வீட்டுக்கும் வந்துருச்சு போல. பார்த்தேன் பார்த்தேன். என்ன இருந்துச்சு?"

"சாக்லேட்தான். ஒரு மெழுகுவத்தியும்."

"அவ்வளவுதானா? பாவம். எனக்கு நேத்து சாயங்காலம் ரெண்டாவது கூடை வந்துச்சு. வேண்டாம்னா சொல்ல முடியும்?"

அப்போதுதான் வெர்னா பார்த்தாள். ட்ரூடியின் ஜன்னலில் இரண்டு பேய்கள் தோளோடு தோள் நின்றன. ட்ரூடி காலை நீட்டிக் காட்டினாள். ஆரஞ்சு நிறக் கம்பளிக் காலுறை. கையால் பின்னியது, நல்ல கனம். கணுக்காலைச் சுற்றி வரிசையாகக் கறுப்புப் பூனைகள்.

"யாரோ கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் பின்னியிருக்காங்க. என் மேல யாருக்கு இவ்வளவு ஆசைன்னுதான் தெரியல."

வெர்னா சிரித்துவைத்தாள்.

தெருவின் மறுமுனையில் ஐரிஸ் இலை கூட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. வெர்னாவைக் கண்டதும் வாருகோலைச் சாய்த்து நின்றாள்.

"என்னை யாரு முந்திக்கிட்டது கண்ணு?"

"என்னது?"

"சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கல. நேத்து இருட்டுறதுக்குள்ள கூடையைத் தூக்கிட்டு உன் வீடுவரைக்கும் வந்தேன். வந்து பார்த்தா ஜன்னல்ல பேய். போன வாரம் சர்ச்சுல விருந்து நடந்துச்சே, நீ நனைஞ்ச பூட்ஸைக் கழட்டி வெச்சே பாரு, அப்பதான் சாண்போட்டு அளவெடுத்தேன். உனக்குக் கால் குளிரும்னு சொல்லுவியே. ஒரு வாரம் உக்காந்து பின்னினேன்."

வெர்னா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"திரும்பி வர்றப்ப கை கழண்டு போச்சு. ட்ரூடி வாசல்தான் பக்கம், வெச்சுட்டேன். அது சரி, உன் ரெண்டு கூடை யாருக்குப் போச்சு?"

"சொல்லக் கூடாதுல்ல."

"அதுவும் சரிதான்" என்று ஐரிஸ் மறுபடி இலையைக் கூட்டினாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஐரிஸ் இன்னொரு ஜோடி பின்னியிருப்பாள். தெரு முழுக்கச் சிரித்திருக்கும். வெர்னா திரும்பி நடந்தாள். கூரையில் எலும்புக்கூடு இன்னும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. அவள் தலை நிமிரவில்லை.

ட்ரூடி காலுறையைக் கழற்றி மடியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, இங்க வா. குதிகால்ல பிடிக்குதும்மா. ஏதோ குச்சிக்காலுக்குப் பின்னின மாதிரி இருக்கு. நீ சலவைக்காரியாச்சே, இது தளருமா?"

வெர்னா ஒன்றை வாங்கினாள். உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். சுத்தக் கம்பளி, வெந்நீர் பட்டால் பொம்மைக் காலுறையாகச் சுருங்கிவிடும் ரகம். குதிகாலில் இரட்டை இழை.

"பிடிக்குதுன்னா யாருக்காவது குடுத்துடேன்" என்றாள்.

"இதையா? செத்தாலும் குடுக்க மாட்டேன்."

வெர்னா காலுறையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெந்நீர்ல போடு. கொதிக்கக் கொதிக்க. அப்புறம் டிரையரை முழுச் சூட்டுல வெச்சு ஒரு மணி நேரம் சுத்தவிடு. தளர்ந்து குடுத்துரும்."

"நீ ஒருத்திதாம்மா இதெல்லாம் தெரிஞ்சவ."

மத்தியானம் வெர்னா தன் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ட்ரூடி வீட்டுப் பக்கச் சுவரின் டிரையர் குழாயிலிருந்து வெள்ளை ஆவி வந்தது. கீழே கிடந்த சிவப்பு இலைகள் அதில் சிலிர்த்து நகர்ந்தன. அவள் ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்துத் தேய்த்தபடி, ஆவி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.