இழுத்துப் பார்க்கிறவள்

அந்தக் கடையில் பூட்டு விற்கும் முறையே தனி. சுவரில் ஆழமாக இறக்கியிருந்த இரும்பு வளையத்தில் பூட்டை மாட்டிக் கடைக்காரர் அமுக்குவார். சாவியை, பூட்டு வாங்க வந்தவர் கையில் கொடுத்துவிடுவார். பிறகு, "வாம்மா" என்பார். எண்ணெய்த் துணியால் பூட்டு துடைத்துக்கொண்டிருக்கும் மகள் எழுந்து வந்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுப்பாள். கழுத்து நரம்பு புடைக்கும். பூட்டு அசையாது.

"என் பொண்ணு இழுத்தே வரலை. திருடன் இல்ல, அவன் பாட்டன் வந்தாலும் வராது" என்பார் அப்பா. வந்தவர் சிரிப்பார். வியாபாரம் முடியும்.

தாய் இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து அந்த வளையத்துக்கு முன்னால் நின்றவள் அவள். முதலில் உயரம் போதாமல் முக்காலியில் ஏறி இழுத்தாள். இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. மாடியில் வீடு, கீழே கடை. அப்பா சொன்னதை மறுத்துப் பேசியதாக அவளுக்கே நினைவில்லை. தெருவில் உள்ளவர்கள் தங்கள் பெண்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அந்தப் பெண்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

ஒரு மழை நாளில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில் தையல் வேலை. ஊசி கையில் இருக்கிறதா வாயில் இருக்கிறதா என்று தெரியாதபடி பேசுகிறவள். அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பெண் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை.

"நல்ல மனுஷன் அண்ணே. குடிக்கிறதில்ல, கத்துறதில்ல. கையில மை ஒட்டியிருக்கும், அது ஒண்ணுதான் குறை."

"கடையை யாரு பாத்துக்கிறது?"

"ஒரு ஆளை வச்சுக்கோ. உலகத்துல பூட்டைப் புடிச்சு இழுக்க வேற ஆளே இல்லையா?"

"வேண்டாம்னு சொல்லிடு."

மகளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'உங்க இஷ்டம்ப்பா' என்றுதான் சொல்லியிருப்பாள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் ஜவுளிக்கடைக்காரர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். கிடங்குக்குப் பெரிய பூட்டு வேண்டுமாம். இருப்பதிலேயே கனமானதை எடுத்து வளையத்தில் மாட்டி அமுக்கினார் அப்பா. "வாம்மா."

அவள் கையை வைத்தாள். இன்னும் இழுக்கக்கூட இல்லை. பூட்டு கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"ஸ்பிரிங் கோளாறு" என்று அப்பா இன்னொன்றை மாட்டினார். அதுவும் திறந்தது. மூன்றாவதும் அவள் விரல் பட்டதும் திறந்தது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஜவுளிக்கடைக்காரர் சொன்னார்: "பாட்டன் வர வேண்டாம் போலிருக்கே."

அவர் போனதும் அப்பா ஷட்டரை இறக்கினார். பலகையில் இருந்த பூட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினார். அவள் தொட்டதும் ஒன்றுகூடப் பூட்டியபடி நிற்கவில்லை. கடைசியில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா?"

"இன்னைக்குத்தாம்ப்பா."

"நாளைக்கு எங்கயாவது திருட்டுப் போச்சுன்னா, முதல்ல உன்னைத்தான் இழுத்துட்டுப் போவாங்க. ஊர்ல பாதிக் கதவுல நம்ம பூட்டுதான் தொங்குது."

அதற்கு அவர் கண்ட வழி, பூட்டு வியாபாரி ஒருவருக்குத்தான் தோன்றும். மாடிப்படி கீழே தெருவைப் பார்த்த ஒரு கதவில் முடியும். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் சொல்லிவிட்டு, தினமும் காலையில் கடைக்குப் போகும்போது அந்தக் கதவில் பூட்டுப் போட்டார். வெளியே பூட்டுத் தொங்குவதைத் தெருவே பார்க்கும். அவள்மேல் யாரும் பழி சொல்ல முடியாது.

அத்தையிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மீனைத் தண்ணில முக்கிச் சாகடிக்கப் போறியாக்கும்?"

மகள் எப்போதும்போல மாடியில் சமைத்தாள், துவைத்தாள், ஜன்னல் வழியாக எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். மதியம் அப்பா சாப்பிட மேலே வருவார். இரண்டு பேரும் குழம்பில் உப்புப் போதுமா என்பதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

தனியாக இருந்த அந்த நாட்களில் பீரோப் பூட்டை வைத்துப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டாள். நினைத்துத் தொட்டால்தான் திறந்தது. மனத்தை வெறுமையாக வைத்துத் தொட்டால் எல்லோர் கையிலும் போலச் சும்மா இருந்தது. திரும்பவும் கடைக்குப் போகலாம், அப்பாவுக்குப் பயம் தீரும் என்று, அவர் சோற்றில் கை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான் நினைச்சாத்தான் திறக்குது. நினைக்கலைன்னா திறக்கலை."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அன்னைக்கு என்ன நினைச்சே?"

அவள் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். போய்விட வேண்டும் என்று நினைத்ததை எப்படிச் சொல்வது? அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

மறுநாள் காலையிலிருந்து கதவைப் பூட்டுகிற சத்தம் முழுசாக வரவில்லை. கொண்டியில் பூட்டு மாட்டுகிற 'டங்' மட்டும் கேட்டது. அமுங்குகிற 'க்ளக்' கேட்கவில்லை. பூட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? பூட்டு சும்மாதான் தொங்கியது. கதவு இடுக்கில் விரலை விட்டு அதைத் தள்ளிவிட ஒரு குழந்தைக்கும் முடியும், எந்த வித்தையும் தேவையில்லை. போகிறதென்றால் போ என்கிறாரா, போகிறாயா பார்க்கிறேன் என்கிறாரா? அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவள் போகவில்லை. வருஷங்கள் இப்படியே போயின. அச்சகத்துக்காரர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார் என்று அத்தை வந்து சொன்னபோது, "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஒரு நாள் மதியம், அப்பா சாப்பிட வருகிற நேரத்தில், கீழே கடைக்குள் ஏதோ விழுந்தது. பெட்டி சரிந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அவள் சோறு போட்டு மூடி வைத்தாள். நேரம் போனது. படியிறங்கி வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் வந்து பூட்டை எடுக்கிற வரைக்கும் கதவைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இத்தனை நாள் தொடாமல் இருந்ததுதான் 'அன்னைக்கு என்ன நினைச்சே' என்ற அவர் கேள்விக்கு, போக நினைக்கவில்லை என்று அவள் சொல்லிவந்த பதில். இன்று தொட்டால் அது பொய்யாகிவிடும். மேல்படியில் போய் உட்கார்ந்தாள். மறுபடி இறங்கினாள். சோறு ஆறிப்போனது.

மாலையில் அத்தை வந்தாள். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து பார்த்தவள் போட்ட கூச்சல் மாடிக்குக் கேட்டது. பிறகு ஓடிவந்து மாடிப்படிக் கதவில் கை வைத்தாள். பூட்டு அவள் கையோடு வந்தது.

"திறந்துதானேடி கிடக்குது!"

"தெரியும் அத்தை."

அத்தை அவளைப் பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அப்பா பிழைத்தார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

இப்போது கடையை நடத்துவது அவள்தான். மனத்தைக் காலியாக வைத்துக்கொண்டு வளையத்தில் தொங்கும் பூட்டை இழுக்கிறாள். எதுவும் திறப்பதில்லை. ஜவுளிக்கடைக்காரரே திரும்பி வந்து கிடங்குக்கு ஒன்று வாங்கிப்போனார்.

அப்பாவின் வலது கை இறுக மூடியபடியே இருக்கிறது. உள்ளே நகம் குத்திப் புண்ணாகாமல் இருக்க, தினமும் அதைத் திறந்து கழுவ வேண்டும். முதல் நாள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, அந்த மழை நாளில் நினைத்ததைவிடப் பலமாக நினைத்துப் பார்த்தாள். கை திறக்கவில்லை. அதன் பிறகு வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு விரலாக, எல்லோரையும் போலத்தான் பிரிக்கிறாள்.

அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. பசித்தாலும் வலித்தாலும் "வாம்மா" என்பார். சில மாலைகளில் திறந்திருக்கும் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அதையே சொல்வார், கண் கலங்கும்.

"உன்னைப் போகச் சொல்றாருடி" என்றாள் அத்தை ஒரு நாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கூப்பிடறார் அத்தை" என்று சொல்லிவிட்டு, அவள் வெந்நீர் எடுத்துவரப் போனாள்.