சரோஜா அக்கா காப்புறுதி செய்த தகரம்

தபாலகக் கவுண்டரில் முத்திரை கிழித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "சரோஜா அக்கா போயிட்டாங்க தம்பி. மலையில குளவி கொட்டிருச்சு." தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே. அங்கே கூடு இருக்கிறது என்று ஒரு வாரமாகத் தோட்டத்து ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். கேட்க ஆளில்லை.

அக்கரப்பத்தனையில் அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய பிஸ்கட் டின்னும் தெரியும். வடிகால் கான் வெட்டும்போது மண்ணில் கிடைத்த பழைய தோட்டத்துப் பித்தளை வில்லைகள் அதில் இருக்கும். அவற்றோடு ஒரு தகர வில்லை. அவருடைய பூட்டனை இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தபோது கழுத்தில் கட்டிவிட்டது. அதில் பெயர் இல்லை. தோட்டத்தின் எழுத்தும் ஓர் எண்ணும்தான்.

போன வருடம் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டார்கள். அனுப்புவதற்கு நான் வேலை செய்யும் தபாலகத்துக்கு வந்தார்.

"பதிவுத் தபால் போதும் அக்கா, தகரந்தானே?"

"ஒங்க பூட்டன் கழுத்துல கெடந்திருந்தா தகரம்னு சொல்லுவீங்களா? இன்சூரன்ஸ் போடுங்க தம்பி."

மதிப்புக்கு ஆதாரம் வேண்டும் என்றேன். சில நாள் கழித்து, கண்காட்சிக்காரர்களின் மதிப்புக் கடிதத்தோடும் வில்லையின் படத்தோடும் வந்தார். வில்லையைப் பஞ்சில் சுற்றி, குலுங்காமல் சிறு பெட்டியில் வைத்து, துணியால் தைத்திருந்தார். தையல்மேல் நான் அரக்கு வைத்தேன். திருப்பி அனுப்பும்போதும் அதே மதிப்புக்குக் காப்புறுதி செய்வதாக அவர்களிடம் எழுதி வாங்கியிருந்தார். காசில் இவ்வளவு குறியா என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் பொதி திரும்பி வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. அவர்களுடைய கடிதங்களெல்லாம் தோட்டத்து ஆபீஸ் பையில்தான் போகும். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பதிவுத் தபாலுக்குக்கூட ஆபீஸிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்; காப்புறுதிப் பொதியை மட்டும் உரியவரிடம் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். சொல்லியனுப்பினேன். கூடையோடு வந்து, அங்கேயே பிரித்து, வில்லையை முந்தானையில் துடைத்தார்.

"தொலைஞ்சிருந்தா நல்ல காசு கெடச்சிருக்கும்" என்று சீண்டினேன்.

"காசு யாருக்குங்க வேணும்? மகளுக்கு இன்டர்வியூ கடுதாசி வந்துச்சு. ஆபீஸ்ல கெடந்து, தேதி முடிஞ்சப்பறம் குடுத்தாங்க. இது என் கைக்கு வந்துச்சுல்ல? அதுக்குத்தான்."

அந்தக் கடிதத்தையும் பையில் போட்டவன் நான்தான்.

அக்கா போய்ச் சில நாளாகிறது. இன்று காலை அவர் மகளின் பெயருக்கு ஒரு சாதாரணக் கடிதம் வந்தது. காப்புறுதி இல்லை, பதிவும் இல்லை. தோட்டத்துப் பை வாய் திறந்து கிடந்தது. நான் போடவில்லை. வேலை முடிந்ததும் லயத்துக்கு ஏறிப் போய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஏற்றம் ஒன்றைத்தான்.