டாக்டரம்மா வைத்த விரல்

சைக்கிள் கேரியரில் கயிற்றால் கட்டிய நீலப் பெட்டி; பால் ஐஸ் விற்பவருடையது. என் வலது கட்டைவிரல் கடைசியாகப் பயணம் போனது அதற்குள்தான். தொண்ணூற்றொன்றில் மண்ணூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், தகடு வெட்டும் பிரஸ்ஸில் என் கை மாட்டியது. கூட வேலை செய்தவர்கள் பதறி ஓடி, வாசலில் நின்ற ஐஸ்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐஸ்ல போடுடா, கெட்டுப்போவாது!" என்று யாரோ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. சேமியா ஐஸ்களுக்கு நடுவே விரலை வெறுமனே வைத்து மூடி, பெட்டியோடு என்னையும் வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

அறுந்த ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பது இங்கே புதிதாக இருந்த காலத்தில், அதைத் துணிந்து செய்தவர் டாக்டரம்மா. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐஸ் நேரா பட்டு செத்துப்போச்சுப்பா. இனிமே ஒட்டாது" என்றார். ஸ்பேனரும் பிடிக்க முடியாது, சோறும் பிசைய முடியாது, என் கதை முடிந்தது என்று அழுதேன். சில நாள் கழித்து, கால் விரல் ஒன்றை எடுத்துக் கையில் வைக்கலாம் என்றார். என்னைவிட அம்மாதான் ஆடிப்போனாள். யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது.

"இன்னாம்மா சொல்றீங்க? கால் வெரலு கைக்கு வந்தா, அந்தக் கையால எம் புள்ள எப்பிடிம்மா சோறு துன்னும்?"

"காலுக்கும் கைக்கும் ஒரே ரத்தந்தாம்மா ஓடுது" என்ற டாக்டரம்மா, என் பக்கம் திரும்பினார். "நரம்பையும் சேத்துத் தைக்கறேன். பொறுமையா இரு. சூடு, சில்லுன்னு எல்லாமே தெரியும்."

தைத்து முடித்ததும், வெளுத்துக் கிடந்த விரல் சிவக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் மறுபடி வேலைக்குப் போனேன். அம்மா மட்டும் அந்தக் கையிலிருந்து கடைசிவரை எதையும் வாங்கவில்லை. கோயில் விபூதியைக்கூடத் தட்டில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வாள். கோபம் இல்லை, பயம்தான். ஆனாலும் எனக்கு வலித்தது. இப்போது ஒரகடம் கம்பெனிச் சுவர்களில், அறுந்த விரலை முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்கச் சொல்லிப் படம் ஒட்டியிருக்கிறார்கள். டாக்டரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் கற்றவர்கள் ஊர் ஊராகத் தைக்கிறார்கள். அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம், இல்லாத பழைய விரல் எங்கோ இருட்டில் விறைப்பதுபோல் இருக்கும்.

போன மாதம் சேரப்பணஞ்சேரி வீட்டில் அம்மாவை வாடகை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடியில் நீர் கோத்து முகம் மங்கித் தெரிந்தது. வெளியே எடுத்ததும் வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். எனக்குக் கை நீளவில்லை. உயிரோடு இருந்தவரை வேண்டாம் என்றவளுக்கு, வாய் திறந்து மறுக்க முடியாதபோது கொடுப்பதா?

"போடு நைனா, நீ போடாம வேற யாரு போடுவா?" என்றார் சித்தப்பா.

அரிசியை எடுத்து வைத்தேன். விரல் அவள் உதட்டில் பட்டது. டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. சில்லென்று தெரிந்தது.